குடுவையில் விழாத கோடு

சாயத் தண்ணீரைத் தங்கம் என்று சொல்லி ஒரு வகுப்புக்குக் காட்டினேன். அதைக் கண்டுகொண்ட ஒரே மாணவியிடம், எல்லோர் முன்னிலையிலும், உன் கண்ணுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றேன். இரண்டையும் தெரிந்தே செய்தேன். இதை நான் முழுதாக எழுதியதில்லை. வாயால் இரண்டு இடங்களில் சொன்னேன். சொன்னதால் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இது முழுதாகும்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. 'நானோ' என்ற சொல் அப்போதுதான் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. முதுகலை மாணவர்களுக்கு அதை ஒரு விருப்பப் பாடமாக வைக்கலாம் என்று நான்தான் துறையில் சொன்னேன். யாரும் எதிர்க்கவில்லை, நீங்களே நடத்துங்கள் என்று விட்டுவிட்டார்கள். நானும் அந்த வயதில் புதிதாகப் படித்துக்கொண்டுதான் நடத்தினேன்.

முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு தங்க வளையலைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே போனால், எதுவரைக்கும் அது மஞ்சளாக இருக்கும்? வகுப்பு சிரித்தது. எம்புட்டு வெட்டினாலும் தங்கம் தங்கந்தானே சார் என்றான் ஒரு பையன். இல்லை என்றேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அப்படி ஒரு பத்து, இருபது பங்கு அளவுக்கு வெட்டிவிட்டால் தங்கம் சிவந்துவிடும். அந்தச் சிறிய துகளுக்குள் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடும். பச்சையை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். பொருள் அதுதான், அளவு மாறியதும் குணம் மாறிவிடுகிறது. இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு வரிதான், மற்றதெல்லாம் விளக்கம் என்றேன்.

துகள் இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்த வகுப்பில் சொன்னேன். உப்போ சர்க்கரையோ கரைந்த தெளிந்த நீருக்குள் ஒளிக்கற்றையைச் செலுத்தினால் அது போகும் பாதை தெரியாது. நீரில் நுண்துகள்கள் மிதந்தால் அவை ஒளியைச் சிதறடிக்கும், பாதை ஒரு கோடாகத் தெரியும். டிண்டால் விளைவு என்று அதற்குப் பெயர். சினிமாக் கொட்டகையில் பீடிப் புகைக்குள் புரொஜெக்டர் வெளிச்சம் தெரிகிறதே, அதுபோல என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி, அரிசி மில்லில் காலை வெயில் ஓட்டை வழியாக விழும்போது தவிட்டுத் தூசியில் கோடு கோடாகத் தெரியும் என்று சொன்னாள். அதுவே என் எடுத்துக்காட்டைவிட நன்றாக இருக்கிறது என்றேன். பாராட்டினால் தலையைக் குனிந்துகொள்வாள், ஆனால் அடுத்த கேள்வியை நிறுத்தமாட்டாள். இன்னொரு சோதனையும் சொல்லிக் கொடுத்தேன். தங்கத் துகள்கள் மிதக்கும் கூழ்மத்தில் கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சிவப்பு நீலமாகும்.

அந்த மாணவிதான் நான் சொல்ல வந்தவள். கீழக்குயில்குடிப் பக்கமிருந்து வந்தாள். அவள் தாய் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களையெடுத்தும் அவளைப் படிக்க வைத்தாள். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். அவ்வாண்டு கோடையில் வெளியூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு எங்கள் துறையிலிருந்து ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம், ஆளை நான்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவளைத்தான் மனதில் வைத்திருந்தேன். அதை அவளிடமும் சொல்லியிருந்தேன்.

பாடத்தின் தொடக்க விழா என்று ஒரு நாள் குறித்தார்கள். கல்லூரிச் செயலர், முதல்வர், பிற துறை ஆசிரியர்கள் எல்லோரும் வருவார்கள். நான் மேடையில் தங்கத்தைச் சிவக்க வைத்துக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். செய்முறை எளிது. தங்க உப்பைக் கரைத்த வெளிர்மஞ்சள் நீரைக் கொதிக்க வைத்து, சிட்ரேட் கரைசலை ஊற்ற வேண்டும். மஞ்சள் போகும், நீர் கறுக்கும், பிறகு ஊதா, பிறகு நல்ல சிவப்பு. தங்க உப்பு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். உடைத்தால் அதிலுள்ள அத்தனையையும் ஒரேயடியாகக் கரைத்துவிட வேண்டும். விழாவுக்கு முந்தைய நாள் உடைத்தேன். எங்கள் துறையின் பழைய வடிகலத்தில் வடித்த நீரில் கரைத்தேன். அந்த வடிகலத்தில் கொஞ்ச நாளாகவே உப்புத் தண்ணீர் பொங்கிக் கலந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். அவசரத்தில் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை செய்தபோதும் நீர் நீலம் பாரித்துக் கடைசியில் அடியில் கறுப்பாகப் படிந்தது. வேறு குப்பி சென்னையிலிருந்து வர வேண்டும்.

அந்தக் கறுப்புப் படிவை மேடையில் காட்டியிருந்தால் போதும். உப்பு பட்டால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும் என்று நானே சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. அன்று அது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது. செயலர் முன்னால் தோற்றவனாக நிற்க மனம் வரவில்லை.

வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். என் தலைமுறைவரை குடும்பத்தில் எல்லோரும் நூலுக்குச் சாயம் போட்டவர்கள். தெப்பக்குளம் பக்கம் என் அண்ணனுக்குச் சாயப்பட்டறை இருந்தது. யாராவது ஒரு சேலைக் கரையின் துணுக்கைக் கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால், ஈர நூலைப் பார்த்தே காய்ந்தபின் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. நானும் பேராசிரியர் ஆன பிறகும் அதை மறக்கவில்லை. விழாவன்று காலையில் பட்டறைக்குப் போய் ஒரு சிவப்புச் சாயமும் துளி ஊதாவும் வாங்கி வந்தேன். எதற்கு என்று அண்ணன் கேட்டான். பிள்ளைகளுக்குக் காட்ட என்றேன். தண்ணீரில் போட்டு வித்தை காட்டிக் காசு வாங்கிவிடாதே என்று எங்கள் மொழியில் கிண்டல் செய்தான். புத்தகத்தில் பார்த்த அந்தத் தங்கச் சிவப்பை நான் அச்சு மாறாமல் கொண்டுவந்தேன். அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சிட்ரேட் சொட்டுக்குழாயில் சிட்ரேட்டுக்குப் பதில் சாயம் இருந்தது. மேடையில் குடுவை கொதித்தது. சொட்டினேன். ரோஜா நிறம் ஏறி நல்ல சிவப்பானது. கைதட்டினார்கள். செயலர் குடுவையை உயர்த்திப் பார்த்து, இதை உருக்கினால் மோதிரம் செய்யலாமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது அவள் எழுந்தாள். கையில் சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன லேசர் விளக்கு, சித்திரைத் திருவிழாக் கடைகளில் விற்பது.

"சார், டிண்டால் பாத்துருவமா சார்?"

செயலருக்கு மகிழ்ச்சி. பாரும்மா, பாரும்மா என்றார். சன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள். அவள் மேடைக்கு வந்து விளக்கைக் குடுவையின் பக்கவாட்டில் பிடித்தாள். பின்சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. குடுவைக்குள் ஒன்றும் இல்லை. இடம் மாற்றிப் பிடித்தாள், குனிந்து பார்த்தாள்.

"கோடு விழலயே சார்."

அறையில் வெளிச்சம் அதிகம் என்றேன். அதற்குள் முதல்வர் என்னைப் பார்த்தார். நான் முன்வரிசையைப் பார்த்து, உங்களுக்குத் தெரிகிறதல்லவா என்று கேட்டேன். அவள் பக்கத்தில் எப்போதும் உட்காரும் தோழிதான் முதலில் சொன்னாள், தெரியுது சார் என்று. பிறகு அடுத்த பெண், அடுத்த பையன், கடைசி வரிசைவரை. எல்லோருக்கும் தெரிந்தது. செயலரும் ஆமாம், லேசாகத் தெரிகிறது என்றார்.

"எனக்குத் தெரியல சார்" என்றாள். குரலில் சண்டை இல்லை. "மொதல்ல கறுக்கும்னு சொன்னீங்க, கறுக்கவும் இல்ல. கொஞ்சம் உப்பு போட்டுப் பாப்பமா சார்?"

நான் கற்றுக்கொடுத்ததை அவள் வரிசையாகச் செய்துகொண்டு வந்தாள். உப்பு விட்டால் சாயம் நிறம் மாறாது. அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"இதுக்கெல்லாம் பாத்துப் பழகின கண்ணு வேணும்மா. நாத்து நட்டுப் பழகின கண்ணுக்கு ஒடனே தெரியாது. போய் உக்காரு."

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வகுப்பும் சிரித்தது. அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

கோடைப் பயிற்சிக்கு அவள் பெயரை நான் தரவில்லை. விருந்தினர் முன்னால் வாதம் செய்கிற பெண், ஆய்வகத்தில் சரிப்படாது என்று துறைத்தலைவரிடம் சொன்னேன். அவள் தோழி போனாள்.

இதைவிட மோசமானது பிறகு நடந்தது. சில வாரங்களில் புதிய குப்பி வந்தது. வெளியிலிருந்து நல்ல நீர் வாங்கி, ஒரு சனிக்கிழமை மதியம் ஆய்வகத்தில் ஆள் இல்லாதபோது செய்தேன். கறுத்தது, ஊதாவானது, சிவந்தது. விளக்கைப் பிடித்தேன். குடுவைக்குள் குறுக்கே கோடு விழுந்தது. அவள் அப்போது பக்கத்து நூலகத்தில்தான் இருந்தாள், ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பாள். நான் கூப்பிடவில்லை. விழாவுக்குப் பின் துறை வாசல் ஷோகேஸில் வைத்திருந்த சாயக் குடுவையை எடுத்துத் தொட்டியில் கொட்டிவிட்டு, அதே இடத்தில் இந்தக் குடுவையை வைத்தேன். நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

அடுத்த வாரம் என் அறையிலிருந்து பார்த்தேன். அவள் ஷோகேஸ் முன்னால் நின்று, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, லேசர் விளக்கைக் கண்ணாடி வழியாகப் பிடித்தாள். இந்தத் தடவை கோடு விழுந்திருக்கும். வெகுநேரம் நின்றாள். விளக்கை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. அதன்பின் என் வகுப்பில் அவள் கேள்வி கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்ணோடு முடித்தாள். ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் போடவில்லை, பி.எட். படிக்கப் போனாள்.

ஓய்வு பெற்றுக் கோச்சடையில் வீட்டோடு இருந்த நாட்களில் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. கட்டுப் பிரித்த அன்று மருத்துவர் ஒரு சின்ன விளக்கைக் காட்டி, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குப் பதில் வரவில்லை. மருத்துவர் பயந்துவிட்டார். தெரிகிறது, தெரிகிறது என்று பிறகு சொன்னேன். அந்த வாரமே அவள் எங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

பரவையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தாள். அங்கேயே குடியிருந்தாள். போனபோது மாலை மணி அடித்துப் பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பதறி நாற்காலி எடுத்துப் போட்டாள். டீ வாங்கிவர ஆள் அனுப்பினாள். நான் டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். அன்றைக்குக் குடுவையில் இருந்தது சாயம் என்றேன்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப ஷோகேஸ்ல இருந்தது?"

"அது நிஜம்மா. பின்னால மாத்தி வச்சேன். நீ வந்து பாத்ததையும் பாத்தேன்."

அவள் மேசைமேல் இருந்த சாக்பீஸ் பெட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன் சார்" என்றாள். "ரெண்டு கண்ணும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. நல்லாருக்குன்னா ஏன் எனக்கு மட்டும் தெரியலன்னு அவங்கள்ட்ட கேக்க முடியுமா? அதுக்கப்புறம் எந்த லேப்லயும் நானா ஒரு ரீடிங் எழுதுனதில்ல. பக்கத்துல இருக்கவகிட்ட கேட்டுத்தான் எழுதுவேன்."

நாற்று நட்ட கண் என்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்டாள். டீ வந்தது, இருவரும் குடித்தோம். கிளம்பும்போது, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எனக்கு அப்படிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன சார்? அம்புட்டுப் பேரும் அன்னைக்கு உங்கள நம்பித்தான தெரியுதுன்னாங்க. நீங்க சொன்னா இருக்குறதாத்தான் தெரியும். அவங்கள்ட்டயும் சொல்லுங்க."

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். வகுப்பு என்னை நம்பியது, நம்பியதால் இல்லாத கோட்டைக் கண்டது என்று.

அவ்வாண்டு பொங்கல் விடுமுறையில் துறையின் பழைய மாணவர்கள் கூடினார்கள். என்னைப் பேச அழைத்தார்கள். அவள் வரவில்லை, வீட்டில் விருந்தாளிகள் என்று சொல்லியிருந்தாள். நான் மேடையில் ஒளிக்காமல் சொன்னேன். சாயத்தையும் ஷோகேஸையும் பயிற்சிக்கு ஆளை மாற்றியதையும் நாற்று நட்ட கண் என்ற பேச்சையும் சொன்னேன். மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டினார்கள். சாருக்குப் பெரிய மனசு என்று யாரோ சொன்னார்கள். நான் குறுகிப் போனேன்.

கீழே இறங்கியதும் அந்தத் தோழி வந்தாள். அவள் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"சார், இது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார். கோடு விழல. நீங்க தெரியுதுல்லன்னு கேட்டீங்க, நாங்க தெரியுதுன்னோம். இன்டர்னல் மார்க் உங்க கைல இருந்துச்சே."

மற்றவர்களும் சிரித்தார்கள். ஆமா சார், கோடு எங்க இருந்துச்சு என்றான் ஒருவன். நானும் அவர்களோடு சிரிக்க முயன்றேன். ஒரு துகள் அறிவியல்கூட அவர்களுக்கு நான் கற்றுத் தரவில்லை. எதைக் கற்றுத் தந்தேனோ அதை அவர்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள்.

மறுநாள் அவளே தொலைபேசியில் அழைத்தாள். சொன்னீர்களா, என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ஆர்வமாகக் கேட்டாள். அந்த இடத்தில் நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். எல்லோரும் வருத்தப்பட்டார்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். இனி இவளிடம் ஒரு பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அந்த முடிவு அவளுக்காகவா எனக்காகவா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்கு அன்றைக்கே தெரியுமாம் என்றேன்.

"தெரியுமா?" என்றாள். "யாரு சொன்னா?"

தோழி என்று சொன்னேன்.

போனில் அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அழுதுகொண்டிருந்தது. "அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ல வரும்போது அவகிட்ட கேட்டேன் சார்" என்றாள். "உனக்கு நெசமாவே தெரிஞ்சுச்சாடின்னு. எந்தலைல அடிச்சு சத்தியம் பண்ணா சார், தெரிஞ்சுச்சுன்னு. எம்பிள்ளைக்கு அவதான் பேரு வச்சா." பிறகு, "வைக்கிறேன் சார்" என்றாள்.

நான் பிறகு இரண்டொரு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சித்திரை பிறந்தபின் அந்தத் தோழி என்னை அழைத்தாள். சிரிப்பு இல்லை. அவள் போனை எடுப்பதில்லை, பரவைக்கு நேரில் போனதற்கும் வாசலோடு பேசி அனுப்பிவிட்டாள் என்றாள். அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன்.

நான் பரவைக்குப் போய் அவளிடம் பேசட்டுமா, நீ பயத்தில்தான் தெரியுது என்றாய், அந்தப் பயத்தை வைத்தவன் நான் என்று எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார்" என்றாள் தோழி. "நீங்க இனிமே எதையும் சரி பண்ண வேணாம். எங்களுக்குள்ள நாங்க பாத்துக்கிறோம்."

பார்த்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்பதற்கு எனக்கு இருந்த உரிமை அந்தத் தொடக்க விழா மேடையிலேயே போய்விட்டது. பரவை வழியாகப் போகும் பேருந்தில் ஏற வேண்டியிருந்தால், நான் அந்தப் பள்ளி இருக்கும் பக்கம் உட்காருவதில்லை.